சிவப்பு நாற்காலிக் கணக்கு

மேடம்,

உங்கள் முகத்தின் மேல் என் முகத்தை ஒட்டியிருந்தார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் விடுதி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் வந்தது மைதாப் பசையின் புளித்த வாசனை. பிறகுதான் பேனரைப் பார்த்தேன். மேலே ‘தினமும் கணக்கு: பொதுமக்களுக்கான சொற்பொழிவு’ என்ற பழைய எழுத்து அப்படியே இருந்தது. கீழே உங்கள் படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள், தாளில் நான். தாளைக் கொஞ்சம் சின்னதாக வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. என் தலைக்கு மேல் உங்கள் தலைமுடியும் என் காதுக்கு அருகில் உங்கள் கம்மலும் எஞ்சியிருந்தன.

நலச்சங்கச் செயலாளர் ஓடிவந்தார்.

“ஃப்ளெக்ஸ் நல்லாத்தான் கீது மேடம். தூக்கிப் போட மனசு வர்ல. சப்ஜெக்ட் அதேதான?”

“சப்ஜெக்ட் அதேதான். ஆள்தான் வேற.”

“அதுக்குத்தான ஒட்டிக்கீறோம்” என்றார்.

இதற்கு நீங்கள் எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் சிரிக்கவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னதை உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தேன். சொன்னேன். என்ன ஆயிற்று என்பதை யாருக்காவது எழுதியாக வேண்டும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது.

நாம் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் குறையக் குறையத் துறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஒண்டிக்கொண்டன. உங்கள் கணிதத் துறையும் என் தொடர்புத் திறன் துறையும் ஒரே அறைக்கு வந்தன. ஒரே மேசை, ஒரே மின்விசிறி. கணக்கு தெரிந்த ஒருத்தியையும் பேசத் தெரிந்த ஒருத்தியையும் எதிரெதிரே உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று நிர்வாகம் யோசித்திருக்காது. நிர்வாகம் யோசித்தது மின்சாரக் கட்டணத்தைப் பற்றி. நமக்குச் சொற்பொழிவுத் தொடர் கிடைத்தது. நீங்கள் பேசுவீர்கள். நான் வரவேற்புரையும் நன்றியுரையும். இடையில் உங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் துறையின் பொறுப்புதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருக்கும் அந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடம்தான் நமக்கு மிகவும் பிடித்த மேடை. தெற்கே இருந்து வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு வந்து உட்காருவார்கள். மற்ற ஊர்களில் கூட்டம் நம்மை மரியாதையாகக் கேட்டது. இங்கே கேள்வி கேட்டது.

பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு மட்டும் அது ஏன் எப்போதும் தாமதமாக வருகிறது என்று ஒரு நாள் விளக்கினீர்கள். வண்டிகள் நெருங்கி வரும்போது நிறுத்தத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் பேர். நீண்ட இடைவெளி விழும்போது நிற்பவர்கள் நிறைய பேர். ஆகவே யாரைக் கேட்டாலும் நீண்ட இடைவெளியைத்தான் சொல்வார்கள். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தைப் பலகையில் வரைந்து, குச்சி மனிதர்களை நிறுத்தி, எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள். இசக்கி எழுந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கைபேசிப் பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை.

“அப்போ நாங்க எத்தன மணிக்கு வந்து நிக்கணும்ங்கீங்க மேடம்?”

“எப்ப வந்து நின்னாலும் அப்படித்தான்மா.”

“இதச் சொல்லவா இம்புட்டுத் தொலவு வந்தீங்க?”

கூடமே சிரித்தது. நீங்கள் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டீர்கள். வீடு திரும்பும் வழியெல்லாம், நம் கல்லூரியில் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

குளியலறை வரிசை அதைவிடப் பெரிய கதை. காலை ஷிஃப்டுக்கு முன்னால் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனி வரிசை. முன்னால் போனவள் பாட்டுப் பாடிக் குளிக்கிறவளாக இருந்தால் பின்னால் நிற்பவளுக்குக் கம்பெனி பஸ் போய்விடும். எல்லாக் குளியலறைக்கும் ஒரே வரிசை வைத்தால் யாரும் ஒரு பாடகியிடம் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நிரூபித்தீர்கள். விடுதி அதை ஏற்றுக்கொண்டது. சில நாளில் வரிசையில் ஆட்களுக்குப் பதிலாக வாளிகள் நின்றன. ஒவ்வொரு அறையும் தன் வாளியை முந்தின நாளே வைத்துவிட்டுத் தூங்கப் போனது.

“வாளி நின்னா நாங்க நின்ன மாதிரிதான மேடம்?” என்றாள் இசக்கி.

“எங்க பாடத்துல வாளி கிடையாது. அது எங்க தப்பு” என்றீர்கள்.

ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் ஒரு வாக்கியம் சொல்வீர்கள். “கணக்கு எல்லாரையும் பத்திச் சொல்லும், உங்களைப் பத்திச் சொல்லாது.” அதை மட்டும் நீங்கள் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. பேனாவை மூடிக்கொண்டே, பையை எடுத்துக்கொண்டே சொல்வீர்கள். சரியாக அந்த நேரத்தில்தான் செயலாளர் ஏற்பாடு செய்த போண்டா வரும். போண்டாவுக்கும் ஒரு கணித வாக்கியத்துக்கும் போட்டி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நிகழ்தகவு தேவையில்லை.

பிறகு மருத்துவ முகாம் வண்டி வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருடம் வந்த வண்டி, ஒரு பெண்ணுக்கு இதயத்தில் ஏதோ இருக்கிறது, மேல் பரிசோதனை தேவை என்று சீட்டு கொடுத்தது. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே ஊருக்குப் போனாள். அங்கே பார்த்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. வேலை போயிற்று. அவளுடைய கட்டிலில் வேறொருத்தி வந்து படுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் அந்தப் பேச்சைத் தயாரித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. யாரும் மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

உடம்பு நன்றாக இருக்கிற நிறைய பேரைச் சோதித்தால், கருவி தப்பாகக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நோய் உள்ளவர்கள் அவர்களுக்கு நடுவில் ஓரிருவர். இதுதான் விஷயம். இதைச் சொல்ல நீங்கள் மியூசிக்கல் சேர் வைத்தீர்கள். கூடத்தில் எல்லாம் வெள்ளை நாற்காலி. வாடகைக்கு வந்தபோது கலந்துவிட்ட ஒரே ஒரு சிவப்பு நாற்காலி. விடுதியைப் பெருக்கித் துடைக்கிற லூர்தக்காதான் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துக் கிராமம், நம் வயதுதான் இருக்கும், நாற்காலி போடுவதில் நிபுணி.

வரிசையாக ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. “எண்ணிக்கை சரியா இதுதான்னு இல்ல, ஒரு பேச்சுக்கு” என்றீர்கள். “வண்டி பத்துப் பேருக்குச் சீட்டு குடுத்திருக்கு. வாங்க பத்துப் பேர்.” செயலாளர் தன் கைபேசியில் குத்துப்பாட்டு ஒன்றை வைத்தார். சுற்றினார்கள். பாட்டு நின்றது. அலறி அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிவப்பில் விழுந்தவள் இசக்கி.

“ஏட்டி, செத்தேன்!” என்று அவள் கத்த, கூடம் சிரித்துச் சிரித்துப் புரண்டது.

“பாருங்க, சீட்டு வந்தது பத்துப் பேருக்கு. நெஜமா விஷயம் இருக்கறது சிவப்புல ஒக்காந்தவங்களுக்கு மட்டும். ஒன்பது பேர் எதுக்கு ஊருக்கு ஓடணும்? யார் சிவப்புன்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டாவது டெஸ்ட்.”

கடைசி வாக்கியம் வந்தபோது போண்டாவும் வந்தது.

அன்றே வந்து நின்ற வண்டியில் நீங்களும் ஏறினீர்கள். கூட்டம் தயங்கி நின்றதால் வழிகாட்டவேண்டும் என்று முதல் ஆளாகப் போனீர்கள். நான் போகவில்லை. பைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றேன். சில நாள் கழித்து உங்களுக்குச் சீட்டு வந்தது. மார்பகம், மேல் பரிசோதனை தேவை.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதை என்னிடம் நீட்டினீர்கள். உங்கள் முகத்தில் பயம் இல்லை. எடுத்துக்காட்டுக் கிடைத்த ஆசிரியருக்கு வருகிற சந்தோஷம் இருந்தது. அடுத்த ஞாயிறு சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றீர்கள். “எனக்கே வந்திருக்கு. ஊருக்கு ஓடிட்டேனா?” கைத்தட்டல் நிற்கவே இல்லை. அந்தச் சீட்டு பிறகு நம்மோடு குன்றத்தூருக்கு வந்தது, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தது. எங்கே காட்டினாலும் கூட்டத்துக்குத் தெம்பு வந்தது. இரண்டாவது சோதனைக்கு மட்டும் நேரம் வரவில்லை. விடைத்தாள் திருத்தும் காலம், அப்புறம் சேர்க்கைக் காலம். “பயம் இல்ல மேடம், நேரம்தான் இல்ல” என்றீர்கள். அது உண்மை. இந்த உலகத்தில் வேறு யாரும் தன் நோய்ச் சீட்டை எடுத்துக்காட்டாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்க மாட்டார்கள். கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு அது.

போய்ப் பார்த்தபோது நிஜமாக இருந்தது.

முன்பே வந்திருந்தால் என்று நான் டாக்டரிடம் ஆரம்பித்தேன். “ஒருத்தங்க விஷயத்துல அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா” என்றார் அவர். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். தோள் குலுங்கியது. “பாத்தீங்களா, நம்ம கடைசி வாக்கியத்த இவர் ஃபீஸ் வாங்கிக்கிட்டுச் சொல்றார்.”

கடைசியாக வீட்டில் பார்த்தபோது நீங்கள் சிரிக்கவில்லை. பேசவே கஷ்டமாக இருந்தது. “ரெண்டு விஷயம் சொல்லணும் அவங்ககிட்ட. என் கணக்குத் தப்பில்ல. சீட்டு வந்தா ரெண்டாவது டெஸ்ட்டுக்குப் போயே ஆகணும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும். மொதல்ல ஒண்ண சொல்லி நிறுத்துனா போச்சு.” உங்களால் அப்போது ஒரு மூச்சில் ஒரு விஷயத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆகவே அது என் வேலை ஆயிற்று. தொடர்புத் திறன் கற்றுக் கொடுக்கிறவள் அல்லவா நான்.

நீங்கள் போன பிறகு நான் தனியாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து மூலையில் சிவப்பு நாற்காலி நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். முதுகில் மல்லிகைச் சரம், குங்குமப் பொட்டு. முன்னால் ஓர் ஊதுவத்தியும் ஒரு மெழுகுவத்தியும் எரிந்துகொண்டிருந்தன. நிகழ்தகவுக்கு ஒரு சன்னதி கட்டிய ஊர் வேறெங்கும் இருக்காது. முதுகுப் பலகையின் இடுக்குகளில் மடித்த சீட்டுகள் செருகியிருந்தன.

“இது என்ன லூர்தக்கா?”

“மேடம் சேரு” என்றார், நான் தெரியாமல் கேட்டதில் வியப்பு அடைந்தவராக. “யாரும் ஒக்கார்றதில்ல.”

“சீட்டெல்லாம்?”

“வண்டி திரும்ப வந்துச்சில்ல. சீட்டு வந்தவங்க இங்க வெச்சிட்டு, ஒரு பூவ வெச்சிட்டு, வேலயப் பாத்துக்கினு போய்டுவாங்க.”

“ரெண்டாவது டெஸ்ட்டுக்குப் போகலயா?”

“அது எதுக்கு மேடம்? பத்துல ஒண்ணுதான் நெசம்னு சொன்னாங்களே. அந்த ஒண்ண அவங்களே எடுத்துக்கினாங்க. பாட்டு நின்னுச்சு, ஓடிப்போய்ச் சேப்புல ஒக்காந்துக்கினாங்க. நாங்கல்லாம் வெள்ள சேரு. இன்னா மனசு மேடம் அவங்களுக்கு.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. நீங்கள் ஒன்பது பேரைக் காப்பாற்றத்தான் அந்த விளையாட்டை வைத்தீர்கள். விளையாட்டில் ஒருத்தி சிவப்பில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். அந்த இடத்தில் விளையாட்டு உங்கள் கணக்கை விட்டுவிட்டுத் தானாகப் போய்விட்டது. நாமிருவரும் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றோம், அது போவதைப் பார்க்கவில்லை.

மைக்கைப் பிடித்தேன். என்னிடம் மைக் கொடுக்க யாரும் இல்லாததால் நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிவப்பு நாற்காலி தீர்ந்துபோகிற சாமான் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து நிற்கும் என்றேன். தலையாட்டினார்கள். தொடர்புத் திறன் வகுப்பில் அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று நான் பாடமே எடுத்திருக்கிறேன். பொருள், சீக்கிரம் முடியுங்கள் என்பது.

நீங்கள் செய்வதுபோல எதையாவது செய்துகாட்டலாம் என்று ஒரு நாணயத்தை எடுத்தேன். முன்னால் என்ன விழுந்தது என்பது நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது, ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு வராமல் இருக்க உடம்புக்கும் ஞாபகம் கிடையாது என்று காட்டவேண்டும். சுண்டினேன். தலை. மறுபடி தலை. மறுபடி மறுபடி தலை. இவ்வளவு நன்றாக அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இப்போ என்ன விழும்?”

“பூ!” என்றது கூடம் ஒரே குரலில். “தலதான் தீந்துட்டே மேடம்” என்றாள் இசக்கி.

“அதுதான் தப்பு. நாணயத்துக்கு ஞாபகம் இல்லை. பாருங்கள்” என்று சுண்டினேன்.

பூ விழுந்தது.

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. இசக்கி எழுந்து நின்று கும்பிட்டாள். மேடம், சில ஞாயிறுகளில் கணிதமே நம் பக்கம் இருப்பதில்லை. நீங்களாக இருந்தால் அதையும் பலகையில் எழுதி அழகாக எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்கள். நான் நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைசியாக நீங்கள் சொல்லச் சொன்னதைத் தொடங்கினேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். “மேடம் சொன்ன கணக்குத் தப்பில்லை, சீட்டு வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது, ஆனால்...” போண்டா வந்தது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ‘ஆனால்’ என்பதைத் தாண்டி நான் சொன்னதை மைக்கும் செயலாளரும் கேட்டார்கள். செயலாளர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாற்காலியிலிருந்து சீட்டுகளை உருவினேன். பெரும்பாலும் ரத்தசோகை, கண், சர்க்கரை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியிடமும் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நாற்காலியில் இருந்து வந்ததால் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரசாதம்போல வாங்கிக்கொண்டார்கள். கடைசிச் சீட்டில் உங்கள் சீட்டில் இருந்த அதே வரி இருந்தது. அதில் இருந்த பெயர் லூர்துமேரி.

அவர் பின்பக்கம் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இது உங்களுதா?”

“ஆமா. பெருசா ஒண்ணும் இல்ல மேடம். வலிகூட இல்ல.”

“மேடத்துக்கும் வலி இல்ல.”

கழுவுவதை நிறுத்தவில்லை. ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

“பத்துல ஒம்போது சொம்மாதான்னாங்களே.”

“ஆமா. அது நெசம்தான்.”

“அப்றம் எதுக்குப் போவணும்?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு மூச்சில் பதில் வைத்திருந்தேன். அங்கே நின்றபோது இரண்டு பாதியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாசலில் சிக்கிக்கொண்டன. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றால் போகமாட்டார். இருக்கலாம் என்றால் அழுவார், அப்புறமும் போகமாட்டார். உங்கள் கணக்கைக் காட்டிக்கொடுக்காமல் அவரைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டு அந்த ஈரத்தரையில் நின்றேன்.

“நெசமா சொல்லட்டா மேடம்?” என்றார் அவரே. “போனா தெரிஞ்சிடும். போவாத வரிக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. எம்பொண்ணுக்கு இப்பதான் கம்பெனில வேல கெடச்சிக்கீது. நான் படுத்துட்டா அவதான் லீவு போட்டுக்கினு ஒக்காரணும். அந்தச் சேரு எனுக்குப் போதும் மேடம். வுடுங்க.”

ஆக, அவருக்குக் கணக்குப் புரியாமல் இல்லை. புரியாமலே இருக்கட்டும் என்று பத்திரமாக மடித்து நாற்காலியில் செருகியிருந்தார். இதற்கு எந்தச் சொற்பொழிவும் மருந்து இல்லை. என் வாயில் வந்தது நான் தயாரித்தது அல்ல.

“நானும் இதுவரைக்கும் பாக்கல லூர்தக்கா. அன்னிக்கு வண்டில ஏறல. எனக்கும் பயம். மேடத்தப் பாத்ததுக்கு அப்றம் இன்னும் பயம். செங்கல்பட்டுல பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னு நெனைக்கறேன். தனியாப் போக முடியல. கூட வரீங்களா?”

டம்ளரைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். இதுவரைக்கும் படித்தவள் என்ற மரியாதையில் அவர் என்னிடம் காட்டாத ஓர் எரிச்சல் முகத்தில் வந்தது.

“இன்னா மேடம் நீங்க? இத்தினி நாளா பாக்காமயா கீறீங்க? அந்த மேடம்கூடவே சுத்திக்கினு இருந்தீங்க. வாங்க, நாளிக்கே போலாம். நான் கூட்டிக்கினு போறேன்.”

அவருடைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், போகிற இடத்தில் காட்டிவிடலாம் என்றேன், ஏதோ வழியில் தபால் போடுவதுபோல. யோசித்தார். “சரி, போறது போறோம்” என்றார்.

மறுநாள் காலை, அன்றைய சம்பளம் போகக்கூடாது என்பதற்காகச் சீக்கிரமே வந்து விடுதி முழுவதும் பெருக்கித் துடைத்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு, வாசலில் எனக்காக நின்றார். ஆஸ்பத்திரியில் என்னை விட்டுக் கொஞ்சமும் நகரவில்லை. வரிசையில் எனக்காகச் சண்டை போட்டார். “எங்க மேடம் பயந்துக்கினு கீறாங்க, சீக்கிரம் பாருங்க சிஸ்டர்” என்று நர்ஸிடம் சிபாரிசு செய்தார். என்னை முதலில் கூப்பிட்டார்கள். பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்து அதைச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“நான் சொன்னனா இல்லியா! சொம்மா பயந்துக்கினு.”

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே வெகுநேரம் ஆயிற்று. ஊசி வைத்துச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவுக்கு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டரம்மாவின் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிப்பது எப்படி என்று பல வருடம் பாடம் நடத்தியவள். ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஒருமுறை நம் அறையில், மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம் நீங்கள் சொன்னீர்கள்: “நிகழ்தகவுன்னு சொல்றதெல்லாம் நமக்குத் தெரியாததோட அளவு. உள்ள இருக்கற விஷயத்துக்கு அது தெரியாது. அது ஏற்கெனவே இருக்கும், இல்லன்னா இல்ல.” அன்றைக்கு நான் அதை ஒரு நல்ல வாக்கியமாக ரசித்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் அது வாக்கியமாக இல்லை.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நெருக்கி உட்காரவைத்தார்கள். வண்டி கிளம்பியதும் லூர்தக்கா கணக்கைத் தொடங்கினார்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஒண்ணா போனோம், ஒரே நாளு, ஒரே டாக்டரு. அப்போ எனுக்கும் இருக்காது. கரீட்டா மேடம்?”

என்னைப் பார்த்தார். கணிதத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் பேச நீங்கள் எனக்கு விட்டுப்போன உரிமையின்படி, தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் உடம்பும் அவர் உடம்பும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு முடிவு செய்வதில்லை என்று விளக்கியிருக்க வேண்டும். அந்தத் தவறைத்தானே முந்தின நாள் நாணயத்தோடு துரத்திக்கொண்டிருந்தேன்.

“கரெக்ட்” என்றேன்.

ஆப்பூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். விடியும் முன்பே எழுந்தவர். தலை முதலில் முன்னால் ஆடியது, பிறகு என் இடது தோளில் வந்து சாய்ந்தது. லாரிகள் வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குதித்தது, அவர் எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊசி போட்ட இடத்தின் மேல் கை தானாகப் போய் மூடிக்கொண்டிருந்தது.

ஒரகடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“லாஸ்ட் ஸ்டாப் மேடம்.”

“கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?”

அவர் லூர்தக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் சவாரிக்கு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காகவோ அவருக்காகவோ அன்று என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

வாரம் இன்னும் முடியவில்லை. லூர்தக்கா தினமும் வேலைக்கு வருகிறார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பெருக்குகிறார் என்கிறார் செயலாளர். போனில் நான் கேட்டால் “அதான் கரெக்டுன்னு சொன்னீங்களே” என்கிறார். என் இடது தோள் அன்றிலிருந்து வலிக்கிறது. தைலம் வீட்டில் இருக்கிறது. தடவவில்லை.